கணவாய்க்கு இப்புறமும் அப்புறமும்

ஆடி மாதம் கோவையில் கதவைப் படாரென்று அறைகிற காற்று வரும் வழி, பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கி.மீ. அகலம், பேருந்தில் ஒரு குட்டித் தூக்கத்துக்குக் காணாது. சோலைக்காட்டு நீலக்குருவிக்கோ அது தாண்ட முடியாத கடல். வடக்கே நீலகிரியில் இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு. தெற்கே, வால்பாறையை ஒட்டிய ஆனைமலைச் சோலைகளில் இருப்பதற்கு அந்த நிறமில்லை. வயிறு மட்டும் வெள்ளை. இரண்டும் தனித்தனி இனங்கள். 2017இல் வி.வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு, இவற்றுக்கு ‘ஷோலிகோலா’ என்று புதுப் பேரினமே வகுத்தார்கள். புதுமை தேடி அமேசானுக்குப் போகத் தேவையில்லை போலும்! இந்தக் குருவி லேசில் ஆளைக் காட்டாது. இருண்ட புதருக்கடியில் நின்று சீழ்க்கையடிக்கும். கேமராவை விடக் காதைத்தான் தீட்டிக்கொண்டு போக வேண்டும்.