சான்றும் புனைவும்: பிரித்தானிய வரலாற்றுக் கதைகள் மூன்று

வரலாற்றுப் புதினம் நிகழ்ந்ததற்கும் நிகழ்ந்திருக்கக் கூடியதற்கும் இடையே நிற்பது. இறந்தாரைப் பற்றியது ஆதலின், பிற புனைகதைகட்கு இல்லாத கடப்பாடு ஒன்று அதற்கு உண்டு. வாழ்வார்மீது பழி கூறின் அவர் மறுத்துரைப்பர், இறந்தார் மறுத்துரையார். எனவே, சான்று நின்றுவிடும் இடத்திற்கு அப்பால் கதை எத்துணைத் தொலைவு செல்லலாம் என்பது, இவ்விலக்கிய வகையை ஆராய்வார் முதற்கண் எழுப்பற்பாலதாய வினாவாகும்.

பிரித்தானியாவைக் களமாகக் கொண்ட வரலாற்றுக் கதைகளும் துப்பறியும் கதைகளும் மாயப் புனைவுகளும் மெல்லட்டைப் பதிப்புக்களாக மிகுதியும் வெளிவருகின்றன. 1935இல் ஆலன் லேன் ஆறு பென்சு விலையில் தொடங்கிய பெங்குவின் வரிசையின் முதற் பத்து நூல்களிலேயே அகதா கிறித்தியின் துப்பறியும் கதை ஒன்று இடம்பெற்றது. இவற்றைப் பொழுதுபோக்கு நூல்கள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், பொதுமக்கள் தம் பழைய அரசரைப்பற்றிக் கொள்ளும் கருத்து, ஆவணங்களினும் இத்தகு கதைகளினின்றே பெரிதும் பிறக்கின்றது. ஆதலின், இம்மூவகைக்கும் வகைக்கு ஒன்றாக மூன்று நூல்களை எடுத்து, அவை சான்றினை ஆளும் முறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1. படுக்கையில் நடந்த வழக்கு

ஜோசபின் டே என்னும் புனைபெயர் கொண்ட எலிசபெத்து மாக்கிண்டாசு எழுதிய ‘தி டாட்டர் ஆவ் டைம்’ (காலத்தின் மகள்) 1951இல் வெளிவந்தது. கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கும் கிராண்டு என்னும் காவல்துறை அலுவலர், மூன்றாம் ரிச்சர்டு அரசனின் ஓவியத்தைக் கண்டு, இம்முகம் கொலைஞன் முகமன்று எனக் கருதுகின்றார். தம் அண்ணன் மக்களாகிய இரு சிறுவரையும் இலண்டன் கோட்டையில் கொல்வித்தவர் என்பது ரிச்சர்டின்மேல் நின்ற பழி. அப்பழியை நூல்களின் வாயிலாக ஆராய்ந்து, ரிச்சர்டு குற்றமற்றவர் என்றும், அவருக்குப்பின் முடிசூடிய ஏழாம் என்றியே குற்றவாளி என்றும் கிராண்டு முடிவு கட்டுகின்றார்.

இந்நூலின் சிறப்பு, சான்றுரைப்பார் யார் என வினவும் முறையிலே உள்ளது. ரிச்சர்டைக் கொடியவராகக் காட்டிய தாமசு மோர் 1478இல் பிறந்தவர். 1485இல் ரிச்சர்டு போர்க்களத்தில் வீழ்ந்தபோது ஏழாண்டுச் சிறுவர். அவர் கண்டு எழுதியவர் அல்லர், கேட்டு எழுதியவரே. அவர் இளமையில் வளர்ந்ததோ, ரிச்சர்டின் பகைவராகிய மார்ட்டன் இல்லத்தில். இவ்வாறு ஒரு நூலின் மூலத்தைத் துருவிச் செல்லும் பகுதிகள் ஆராய்ச்சி மாணவர்க்கும் பயன்படுவன.

எனினும், வாதத்தின் தூண்களுள் ஒன்று முறிந்த தூண். என்றி அரியணை ஏறியதும் ரிச்சர்டுக்கு எதிராக மன்றத்தில் நிறைவேற்றிய சட்டத்தில் சிறுவர் கொலையைப் பற்றிய பேச்சே இல்லை என்று நூல் கூறி, அம்மௌனத்தைப் பெருஞ்சான்றாக ஆளுகின்றது. அச்சட்டமோ சிறார் குருதி சிந்திய குற்றத்தையும் ரிச்சர்டின்மேல் ஏற்றுகின்றது. சிறுவர் பெயர் அதிற் குறிக்கப்படவில்லை என்பது உண்மையே; ஆயினும் குறிப்பே இல்லை என்றல் பொருந்தாது. பலரும் நம்பும் பொய் வரலாற்றைக் குறிக்க, வேல்சு நாட்டு ஊராகிய டோனிபாண்டியின் பெயரையே ஒரு சொல்லாக ஆண்ட நூல், தானும் அத்தகையது ஒன்றைப் படிப்போர் மனத்தில் விதைத்துவிட்டது.

கிராண்டு கதைமாந்தரே, அவர் பிழையை ஆசிரியர் தலையில் ஏற்றுதல் தகுமோ எனின், தகும் என்க. மாந்தரின் கூற்றுக்கும் ஆசிரியர் கருத்துக்கும் இடையே இடைவெளி இருப்பின், அதனைக் காட்டும் கருவி நூலினுள் இருத்தல் வேண்டும். கிராண்டை எதிர்த்து வாதிட வல்லார் ஒருவரேனும் இக்கதையில் இலர். ஒரு தரப்பு வழக்குரைஞர் மட்டுமே பேசும் மன்றத்தில் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டதாகும். 2012இல் இலெசுட்டர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ரிச்சர்டின் எலும்புக்கூடு, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்ததைக் காட்டிற்று. நாடகம் காட்டிய கூனும் அன்று. பிற்கால அன்பர் விரும்பிய குறையற்ற உடலும் அன்று. சிறுவரைப் பற்றியோ அவ்வெலும்புகள் ஒன்றும் கூறவில்லை.

2. தொண்ணூற்றைந்தாம் உடல்

எல்லிசு பீட்டர்சு என்னும் பெயரில் எடித்து பார்கெட்டர் எழுதிய ‘ஒன் கார்ப்சு டூ மெனி’ (மிகையான ஓர் உடல்) 1979இல் வெளிவந்தது. இசுடீவன் அரசருக்கும் மாடு அரசிக்கும் நிகழ்ந்த உரிமைப் போரில், 1138இல் சுருசுபரிக் கோட்டை வீழ்ந்தது. அரசர் அரண் காத்தார் தொண்ணூற்று நால்வரைத் தூக்கிலிடுவித்தார். அந்நிகழ்ச்சி அக்காலத்தவரான ஆர்டரிக்கு விட்டாலிசு எழுதிய வரலாற்றிற் காணக் கிடப்பது. அவர் அவ்வூர்ப் பகுதியிலேயே பிறந்தவர். பிணங்களை அடக்கம் செய்யச் செல்லும் காட்வேல் என்னும் துறவி எண்ணிப் பார்க்கின்றார். உடல்களோ தொண்ணூற்றைந்து.

ஆசிரியர் வரலாறு தந்த எண்ணை மாற்றவில்லை. அவ்வெண்ணை ஒட்டியே தம் கதைக்கு இடம் கண்டார். மிகையான அவ்வோர் உடல் முழுதும் அவர் படைப்பு. எனவே, அதன்பொருட்டு நிகழும் தேடலால் வரலாற்று மாந்தர் எவர்மீதும் புதுப்பழி ஏறவில்லை. அரசன் ஆணையால் தொண்ணூற்று நால்வர் இறந்தது போரின் முறை எனப்படுகின்றது. மறைவில் ஒருவன் இறந்தது கொலை எனப்படுகின்றது. இவ்வேறுபாட்டின் அறக்கொடுமையை ஆசிரியர் உரத்துப் பேசாமல், எண்ணிக்கை ஒன்றாலேயே உணர்த்திவிடுகின்றார். ஊரார் வந்து தத்தம் உறவினரின் உடலை அடையாளம் காணும் பகுதி, ஏனையோரும் வெறும் எண் அல்லர் என்பதை நிலைநாட்டுகின்றது.

குறையும் உண்டு. காட்வேலின் நெஞ்சம் பன்னிரண்டாம் நூற்றாண்டினதைவிட இருபதாம் நூற்றாண்டிற்கே அணித்தாக உள்ளது. அவருடைய பொறுமையும் ஐயமும் நம்மை மகிழ்விப்பன. அக்காலத்தை அறிவிப்பன அல்ல. ஆயினும், இறுதியில் வழக்கைத் தீர்ப்பது சான்றன்று, இருவர் பொரும் தனிப்போரே என அமைத்தமை அக்கால முறைக்கு ஒத்ததாகும்.

3. அடிக்குறிப்பில் ஓர் அரசு

சூசன்னா கிளார்க்கின் ‘ஜொனாதன் இசுடிரேஞ்சு அண்டு மிசுடர் நாரெல்’ 2004இல் வெளிவந்த பெருநூல். நெப்போலியப் போர்க்காலத்து இங்கிலாந்தில் மாயக்கலை மீண்டும் தழைப்பதாகக் கதை செல்கின்றது. வெல்லிங்டன் போன்ற உண்மை மாந்தரும் அதில் உலவுவர். வடபகுதியை முந்நூறு ஆண்டு ஆண்ட காக்கை வேந்தன் என்னும் இல்லாத அரசனுக்கு, ஆராய்ச்சி நூல்போலவே அடிக்குறிப்புக்களால் வரலாறு அமைத்துள்ளார் ஆசிரியர்.

இது வெறும் விளையாட்டன்று. நூல்களையெல்லாம் தாமே திரட்டிப் பிறர் கண்ணிற் படாது பூட்டி வைக்கும் நாரெலின் வாயிலாக, அறிவைத் தனியுடைமையாக்கும் புலமையை ஆசிரியர் கடிகின்றார். மாயத்தால் நாக்கட்டுண்ட சீமாட்டி தன் துயரைச் சொல்ல முயலுந்தோறும் தொடர்பற்ற பழங்கதையே வாயினின்று வருகின்றது. அடிமைத் தாய்க்குக் கப்பலிற் பிறந்த இசுடீவன் பிளாக்கு என்னும் ஏவலனுக்குத் தாய் இட்ட பெயர் எவர்க்கும் தெரியாது; அதனை மாயமே மீட்டுத் தருகின்றது. மெய்யான வரலாற்றில் அத்தகையோர் பெயர்கள் மீளாமற் போயின என்பதை இதனினும் நேர்மையாகக் கூறல் அரிது.

முடிபு

தமிழ் மரபு உலகியல் வழக்கினையும் நாடக வழக்கினையும் பிரித்தறிந்தது. இரண்டும் கலத்தலைக் குற்றம் என்று கொள்ளவில்லை. எது எதுவென அறியவொண்ணாமற் கலத்தலே குற்றம். இவ்வளவை கொண்டு நோக்கின், மூன்று நூல்களுள் ஆவணங்களை மிகுதியும் எடுத்துக்காட்டும் டேயின் நூலே வாய்மையில் தளர்கின்றது. பொய்யென்று வெளிப்படக் கூறித் தொடங்கும் கிளார்க்கின் நூல் வாய்மைக்கு ஊறு செய்யவில்லை. பீட்டர்சின் நூல் வரலாற்றின் எண்ணைப் போற்றி, அதன் அருகே தன் புனைவை நிறுத்துகின்றது. வரலாற்றுப் புதினத்தை மதிப்பிடுவார், அதில் எத்துணைச் சான்று உளது என எண்ணுவதோடு அமையாது, சான்று ஓய்ந்த இடத்தைப் படிப்போர்க்கு அது புலப்படுத்துகின்றதா எனவும் நோக்குதல் வேண்டும். இறந்தார்க்கு இலக்கியம் செய்யக்கூடிய நீதி அதுவேயாகும்.