ராமராஜன் பாடினால் மாடு பால் கறக்குமா?

மீம் போடுகிறவர்களுக்கு ராமராஜன் ஒரு வற்றாத கறவை. கங்கை அமரன் இயக்கிய 'எங்க ஊரு பாட்டுக்காரன்' (1987) படத்தில் 'செண்பகமே செண்பகமே' பாடிக்கொண்டே பால் கறப்பாரே, அந்த ஒரு காட்சியை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். மாட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாதவர்கள்தான் இதில் அதிகம் சிரிக்கிறார்கள். என் புகார் என்னவென்றால், நம் சினிமா மாடுகளில் உண்மைக்கு ரொம்பக் கிட்டே நிற்பது இந்தக் காட்சிதான்.

மடியில் பால் இருந்தாலும், காம்பை இழுத்த உடனே முழுசாக வந்துவிடாது. கன்று முட்டும்போதோ, கை பட்டு மடியைத் தடவும்போதோ அந்தச் செய்தி மூளைக்குப் போகும். அங்கிருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கலந்து மடிக்கு வந்த பிறகுதான் பால் இறங்கும். ஒரு நிமிஷம் போல ஆகும், சில நிமிஷங்களே நீடிக்கும். மாடு மிரண்டால் அட்ரினலின் குறுக்கே வந்து காரியத்தைக் கெடுக்கும். 'புது ஆளைப் பாத்து பாலை அடக்கிக்கிச்சு' என்று ஊரில் சொல்வது இதைத்தான். தெரிந்த குரல், செம்புச் சத்தம், தவிட்டு வாசனை எல்லாமே பழகிய மாட்டுக்கு சிக்னல். தினமும் ஒருத்தர் பாடிக்கொண்டே கறந்தால், அந்தப் பாட்டும் அதில் சேர்ந்துவிடும்.

வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவேன் என்பவர்களுக்கு: 2001ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1,000 மாடுகளுக்குப் பாட்டு போட்டுப் பார்த்தார்கள். மெதுவான இசைக்கு மாட்டுக்கு நாளொன்றுக்கு 0.73 லிட்டர் கூடுதலாகக் கிடைத்ததாம். நியூகாஸில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேர் வைத்துக் கூப்பிடப்படும் மாடுகள் ஒரு கறவைக் காலத்தில் 258 லிட்டர் அதிகம் தருவதாகச் சொல்லி 2009ல் இக்நோபல் பரிசு வாங்கினார்கள். பேரிலிருந்து பால் வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. பேர் வைக்கிற ஆள் மாட்டைக் கவனித்துப் பார்க்கிறவராகவும் இருப்பார், அவ்வளவுதான்.

ராமராஜனைப் பார்த்துச் சிரிக்கிற நாம் சிரிக்காமலே நம்புகிற விஷயங்கள் தனி. துவாக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது, பெல் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் பெரிய சூரியூரில் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டும் இருக்கிறது. அதனால் நமக்கு மாடு தெரியும் என்று ஒரு நினைப்பு. சிவப்பைப் பார்த்தால் காளைக்குக் கோபம் வரும் என்போம்; மாட்டின் கண் நம்மைப் போலச் சிவப்பைப் பிரித்துப் பார்க்காது, அசைவுதான் அதை உசுப்பும். சேவல் இல்லாமல் கோழி எப்படி முட்டை போடும் என்று கேட்போம். குஞ்சுக்குத்தான் சேவல் வேண்டும், முட்டைக்கு வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரியது, பசு என்றால் வருஷம் முழுக்கப் பால் தரும் என்பது. கன்று போட்டால்தான் பால். சினை ஒன்பது மாசத்துக்கு மேல். கறவை சுமார் பத்து மாசம். அடுத்த கன்றுக்கு முன்னால் இரண்டு மாசம் வற்ற விட வேண்டும். அப்போதும் தீவனம் போட்டே ஆகணும், வருமானம் மட்டும் கிடையாது.

சினிமா மீது விமர்சனம் வைப்பதென்றால் இங்கேதான் வைக்கணும். 'மாட்டுக்கார வேலன்' (1970) படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேஷம், ஒருவர் மாட்டுக்காரர், ஒருவர் வக்கீல். ஆள்மாறாட்டத்தில் கதை ஜோராக ஓடும். அங்கே மாடு என்பது வேலன் வெள்ளந்தி என்று காட்ட ஒரு அடையாளம். 'முரட்டுக் காளை'யில் (1980) காளை வீரத்துக்கு அடையாளம். நான் பார்த்த படங்களில் மாடு வற்றி, தவிட்டுக்குக் கடன் சொல்லி நிற்கிற நாயகன் அபூர்வம். சொசைட்டியில் ஃபேட் குறைவு என்று காசைப் பிடித்துவிட்டால் முகம் வாடுகிற நாயகனும் அப்படித்தான்.

ராமராஜன் காட்சியிலும் குறை உண்டு. பாட்டு மட்டும் போதும் என்ற எண்ணத்தை அது விட்டுச் செல்கிறது. கன்று செத்துப்போன வீட்டில் என்ன செய்வார்கள்? தோலில் வைக்கோல் அடைத்த கன்றைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே சுரப்பு விடும். இல்லையென்றால் சிலர் ஆக்ஸிடோசின் ஊசியைத் திருட்டுத்தனமாகப் போடுவார்கள். காலையில் நம் டம்ளருக்கு வருகிற பாலில் இந்த வீடுகளின் பாலும் இருக்கலாம். பால் விலை இரண்டு ரூபாய் ஏறினால் பொங்குகிற நமக்கு, மாடு ஒரு குழாய் இல்லை என்பதே தெரியாவிட்டால், அந்த விலையில் எது நியாயம், எது அநியாயம் என்று எப்படிப் பேசுவோம்?

அந்த மீம் அடுத்த தடவை வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், நானும் சிரிப்பேன். அப்படியே உங்கள் பால்காரரிடம், "மாடு எத்தனை மாசக் கறவைங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பத்து நிமிஷம் பேசுவார்.