கத்தரி செய்யும் மார்கழி

கூடலூரிலிருந்து கம்பம் வரும் சாலையோரம், தை மாதத்து முற்பகலில் மூன்று திராட்சைத் தோட்டங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். முதலாவதில் இலை என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. கல்தூண்கள், கம்பி, கம்பியின்மேல் முறுக்கிக் கிடக்கும் பழுப்புக் கொடி. கூரை எரிந்துபோன வீடு மாதிரி இருந்தது. இரண்டாவதில் பச்சைத் தளிர் கம்பியைத் தாண்டி எட்டிப் பார்த்தது. மூன்றாவதில் கறுத்த கொத்துகள் தலையில் இடித்தன. ஒரே வானம், ஒரே வெயில், நடுவில் ஒரு வரப்பு. பனிக்காலமும் வசந்தமும் அறுவடையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தன.

இந்த வித்தையைச் செய்வது ஒரு சின்னக் கத்தரி. அந்த வெட்டுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பெயர் கவாத்து. ரோஜாச் செடிக்கும் தேயிலைக்கும் கவாத்து உண்டு. ஆனால் கம்பத்துத் திராட்சைக் கவாத்தை நான் தோட்ட வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிற்பம், ஓவியம் என்று ரசிக்கும் வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய கை அது.

அதன் அருமை புரிய, முதலில் குளிர்நாட்டுத் தோட்டக்காரரை நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் கனடாவிலும், தங்கள் ஊருக்கு ஒத்துவராத செடியை வளர்த்தே தீருவது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. அமெரிக்க வறண்ட நிலத்து யூக்கா அப்படி ஒன்று. கத்திபோன்ற மடல்கள் கொண்ட செடி. குளிர் தொடங்கும் முன் மடல்களைக் கூட்டிக் கட்டுகிறார்கள், அடியில் வைக்கோல் திணிக்கிறார்கள், மேலே மழை படாமல் சின்னக் கூரை போடுகிறார்கள். சீனாவின் நிங்ஷியாவில் இலையுதிர்காலம் முடிந்ததும் திராட்சைக் கொடியைத் தரையில் படுக்கவைத்து மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். வசந்தத்தில் தோண்டி எடுத்து மறுபடி கட்டுவார்கள். லண்டன் பக்கத்து ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட திராட்சைக் கொடி ஒன்று இன்றும் கண்ணாடி வீட்டுக்குள் காய்க்கிறது. செடியைக் குளிர்காலத்திடமிருந்து ஒளித்துவைப்பது அவர்கள் கலை.

நம் ஊர்ச் சங்கடம் இதற்கு நேர் எதிர். ஒளித்துவைக்க இங்கே குளிர்காலமே கிடையாது.

பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, உலகச் சந்தையில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கப்படும் ரகம். அதன் பெற்றோரில் ஒன்று, ஹாம்ப்டன் கோர்ட்டில் கண்ணாடிக்குள் காய்க்கிறதே, அதே ரகம்தான். தமிழ்நாட்டுக்குத் திராட்சையைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், ஆண்டு 1832 என்று சொல்கிறார்கள். ஐரோப்பாவில் திராட்சைக்கு வருடம் என்றால் ஒரு ஒழுங்கு உண்டு. குளிர் வந்தால் இலை உதிர்த்துத் தூங்கும். போதுமான குளிர் பட்ட பிறகு, வெயில் ஏறியதும் கணுக்களில் இருக்கும் எல்லா மொட்டுக் கண்களும் ஏறக்குறைய ஒன்றாக விழிக்கும். ஒருபக்கம் மேகமலை, மறுபக்கம் கேரள எல்லை மலைகள், நடுவில் உறைபனியே விழாத இந்தத் தரையில் அதைத் தூங்கச் சொல்ல யாரும் இல்லை. விட்டுவிட்டால் கொடி வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும். நுனி மட்டும் ஓடும், நுனிக்குப் பின்னால் இருக்கும் கண்கள் அப்படியே உறங்கும். பந்தல் நிறைய இலை, பழம் சொற்பம். தூக்கம் கெட்ட பிள்ளை நாள் முழுக்கச் சிணுங்குவதுபோல.

ஆகவே மனிதக் கை குளிர்காலத்தைச் செய்து கொடுக்கிறது. நுனியை வெட்டியதும், அதுவரை பின்கண்களை அடக்கிவைத்திருந்த அதிகாரம் போய்விடுகிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் விடப்பட்ட கண்கள் உப்பித் திறக்கின்றன. வெட்டிய நாளிலிருந்து சுமார் 120 நாளில் பழம். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை எடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 730 நாளில் 600 நாள் உழைப்புக்குப் போனால் மிச்சம் 130. அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 26 நாள். மண்ணுக்கு எரு வைத்து, தண்ணீரை மட்டுப்படுத்தி, கொடியை மூச்சு வாங்க விடும் அந்த இடைவெளிதான் கம்பத்துத் திராட்சையின் மார்கழி.

கவாத்துக்காரர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கைகள் எப்போதும் தலைக்கு மேலே. இடக்கை கொடியைப் பிடிக்கும், வலக்கை வெட்டும், கண் அடுத்த கிளைக்குப் போயிருக்கும். நடையில் நிறுத்தமே தெரியாது. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒரு நொடி உண்டு. அந்த நொடிதான் கலை.

“எந்தக் கண்ணோட நிறுத்தணும்னு எப்படிண்ணே முடிவு பண்றீங்க?” என்று ஒருவரிடம் கேட்டேன். ஒரு கிளையை வளைத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். “கனத்தைப் பாருங்க தம்பி. பென்சில் கனம் இருக்கா, பழுப்பு ஏறியிருக்கா? பச்சையா இருந்தா நம்பாதீங்க. அப்புறமா கண்ணைப் பாருங்க.”

பார்த்தேன். முற்றிய கிளையில் கண் உருண்டு நிற்கிறது. மெலிந்ததில் தட்டையாக ஒட்டிக் கிடக்கிறது. அந்த உருண்டைக்குள் அடுத்த குலையின் கரு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. போன மகசூல் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தபோதே, அந்தக் கணுவில் விழுந்த வெளிச்சத்தின் அளவுக்கு ஏற்ப உருவான கரு அது. கவாத்துக்காரர் இன்று கையில் பிடித்திருப்பது மூன்று நான்கு மாதத்துக்கு முந்தைய வெயிலை. அதில் எது தங்கியது, எது வீணானது என்று படித்துத்தான் வெட்டுகிறார். ரகமும் தெரிந்திருக்க வேண்டும். பன்னீருக்குக் கிளையின் அடிப்பக்கத்துக் கண்களிலேயே குலை வரும், குட்டையாக வெட்டலாம். ஓடைப்பட்டிப் பக்கம் பேர்போன விதையில்லாத் திராட்சைக்கு அடிக்கண்கள் மலடு. கிளையை நீளமாக விட வேண்டும். பன்னீருக்குப் பழகிய கை விதையில்லாத் தோட்டத்தில் அதே பழக்கத்தில் வெட்டினால், இலை மட்டும்தான் மிஞ்சும்.

நல்ல கவாத்துக்குச் சில அடையாளங்களை நான் வைத்திருக்கிறேன். வெட்டு, கடைசிக் கண்ணுக்குச் சற்று மேலே, நசுங்காமல் ஒரே இழுப்பில் விழுந்திருக்கும். கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நல்ல கையெழுத்தில் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிபோல், கம்பியில் சீராகப் பரத்திக் கட்டியிருக்கும். அப்புறம் என் கடைசிச் சோதனை: இலை விட்டு இரண்டு மாதம் ஆன பந்தலுக்கடியில் உச்சிவெயிலில் போய் நின்று தரையைப் பார்ப்பேன். கோலப்புள்ளி இறைத்ததுபோல் வெளிச்சத் துண்டுகள் தரையெங்கும் ஆடினால், அந்தத் தோட்டத்துக்கு அடுத்த மகசூலும் உறுதி. தரை முழுக்க இருட்டாக இருந்தால், மேலே தொங்கும் பழத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. அங்கே அடுத்த குலைக்கான கண்கள் குருடாகிக்கொண்டிருக்கின்றன.

பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் வெவ்வேறு காலத்தில் நிற்பதற்கும் காரணம் கத்தரியே. ஆளாளுக்குத் தேதியை மாற்றி வெட்டுவதால்தான் இங்கே வருடம் முழுக்கப் பழம் கிடைக்கிறது. ஆனால் தேதி குறிப்பது சூதாட்டம். பூக்கும் நாட்கள் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மாட்டிக்கொண்டால் அடிச்சாம்பல் நோய் குலையைத் தின்றுவிடும். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். யூக்கா வளர்க்கும் குளிர்நாட்டுக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள்: குளிரைவிட ஈரம்தான் அதிகம் கொல்லும். இடம் மாறிய செடிக்கு எந்த ஊரிலும் முதல் எதிரி தண்ணீர்தான் போலிருக்கிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து இங்கே அடிக்கும் போர்டோ கலவை, 1880களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் இதே நோய்க்காகக் கண்டுபிடித்த மருந்து. கொடியும் ஐரோப்பாவிலிருந்து வந்தது, கைவைத்தியமும் அங்கிருந்தே வந்தது. குளிர்காலம் மட்டும் கப்பலேறவில்லை.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் குறியீடு மண்ணுக்கும் ஊருக்கும் தரும் மரியாதையில், வெட்டும் கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் வாதம். பன்னீர் என்ற பெயர் அதன் வாசனைக்கு வந்தது. முற்றிப் பழுத்த குலையை முகத்தருகே கொண்டுபோனால், கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பால் தெளித்ததுபோல் ஒரு குளிர்ச்சி. தோலில் விரல் வைத்தால் வெண்பொடி ஒட்டும். கடித்தால் முதலில் இனிப்பு, விதையருகே மெல்லிய புளிப்பு, பிறகு மறுபடி அந்த வாசம். இந்த வரிசை எல்லாப் பன்னீருக்கும் வாய்க்காது. பன்னீர் கறுத்துவிடுவதில் அவசரக்காரன். சர்க்கரை ஏறுவதில் நிதானக்காரன். நிறத்தை நம்பி முன்கூட்டிப் பறித்தால் கறுப்பாக ஒரு புளிப்புதான் பெட்டியில் போகும். விலை நன்றாக இருக்கிறதே என்று அளவுக்கு மேல் கண் விட்டு, கொடி தாங்காத அளவுக்குக் குலை தொங்கவிட்டாலும் அதே கதை. அறுவடை முடிந்த வேகத்தில் கொடிக்கு அந்த 26 நாளைக்கூடக் கொடுக்காமல் வெட்டுபவர்களும் உண்டு. அந்தப் பழத்தைத் தின்னும்போது தூங்காத செடியின் களைப்பு நாக்கில் தெரியும். கவாத்துக்காரரின் பெருமை எத்தனை கண்ணை விட்டார் என்பதைவிட, எத்தனை கண்ணை விடாமல் இருந்தார் என்பதில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வரை அந்த முதல் தோட்டத்தில் நின்றேன். வெட்டுவாயிலிருந்து கொடி நீர் சொட்டியது. வேருக்குத் தூக்கம் வரவில்லை, தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருந்தது. கவாத்துக்காரர் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தேய்த்துவிட்டுக்கொண்டார். நாள் முழுக்க வானத்தைப் பார்த்து வேலை செய்த கழுத்து. வெட்டிப் போட்ட கிளைகளைப் பெண்கள் கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்குத் தலையில் ஏற்றிப் போனார்கள். பந்தலுக்கு அன்று மார்கழி முடிந்தது. மேலே முழு வானம் தெரிந்தது.