துப்பாக்கி வைக்கும் அறை

வேட்டைப் பழக்கம் உள்ள ஒருவர் வீடு கட்டினால் துப்பாக்கிகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும். அமெரிக்காவில் குளிர் மிகுந்த பிரதேசங்களில் பல வீடுகளுக்கு அடியில் நிலவறை உண்டு. துப்பாக்கி, தோட்டா, தூண்டில், தோல் பூட்ஸ் எல்லாவற்றையும் அங்கே ஓர் அறை தடுத்து வைத்துவிடுவார்கள். ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்புக்கு எண்ணெய் பூச வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும். இதெல்லாம் தச்சனும் கொத்தனும் கவலைப்பட வேண்டிய விஷயமாயிற்றே, இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எர்னெஸ்ட் ஹெமிங்வேயை ஊன்றிப் படித்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

ஹெமிங்வே என்றதும் சிங்கத்தின் மேல் கால் வைத்து நிற்கும் ஒரு மனிதரின் படம்தான் பலருக்கு நினைவு வருகிறது. துப்பாக்கியைத் தூக்குவதே ஆண்மை என்று எழுதியவர் என்றும் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துப்பாக்கியைப் பற்றி அவர் எழுதியவற்றில் மிகச் சிறந்த பக்கங்கள், அதைச் சுடுவதைப் பற்றியவை அல்ல; எங்கே வைப்பது என்பதைப் பற்றியவை.

1936-இல் வெளியான பிரான்சிஸ் மகோம்பர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கக் காட்டில் அடிபட்ட எருமை ஒன்று புதருக்குள் புகுந்துவிடுகிறது. அதைத் தேடிப் போகுமுன், எந்தத் துப்பாக்கியை யார் எடுத்துக்கொள்வது என்று வேட்டைக்காரன் வில்ஸன் பங்கிடுகிறான். ஒன்று மிஞ்சுகிறது. அது அம்மாளோடு காரிலேயே இருக்கட்டும் என்று விட்டுப் போகிறான். சற்று நேரத்தில் அந்தத் துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டுதான் மகோம்பரின் தலையில் பாய்கிறது. மனைவி வேண்டுமென்று சுட்டாளா, எருமையைக் குறிவைத்துத் தவறிப்போயிற்றா என்று விமரிசகர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கு நடக்கட்டும். கதாசிரியர் நமக்கு ஐயமறச் சொல்வது ஒன்றுதான்: துப்பாக்கி காரில் இருந்தது.

1933-இல் வந்த 'தந்தையரும் மைந்தரும்' இதைவிட நுட்பமான கதை. தகப்பன் கையால் அடிபட்ட சிறுவன் நிக், விறகுக் கொட்டகையில் தோட்டா போட்ட துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். தாழ்வாரத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் அப்பாவைப் பார்க்கிறான். சுட்டுவிடலாம் என்று நினைக்கிறான். பிறகு அந்த வெறி தானாக வடிந்துபோகிறது. துப்பாக்கி அப்பா கொடுத்ததுதான் என்ற நினைவு வந்து அவனுக்கு என்னவோ போல் ஆகிவிடுகிறது. அவ்வளவுதான். ஆனால் மனித மனத்தைப் பற்றி இதில் அடங்கியிருக்கும் உண்மை பெரிது. வெறி வரும், வந்த வெறி போகவும் போகும். போகிறவரை தாங்க வேண்டும்.

1928-இல் ஹெமிங்வேயின் தகப்பனார், தம் தகப்பனார் வைத்திருந்த பழைய கைத்துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து, ஸ்பெயின் யுத்தத்தைப் பற்றிய பெரிய நாவலில், அதே துயரத்தை ராபர்ட் ஜோர்டான் தலையில் ஏற்றினார் ஆசிரியர். விசாரணை முடிந்து துப்பாக்கி ஜோர்டானிடமே திரும்பி வருகிறது. அவன் அதை அது வழக்கமாக இருக்கும் மேஜை இழுப்பறையிலேயே வைக்கிறான். மறுநாள் எடுத்துக்கொண்டு குதிரையேறி, மலைமேல் ஓர் ஆழமான ஏரிக்குப் போய்த் தண்ணீரில் போட்டுவிடுகிறான். இழுப்பறை போதாது என்று ஓர் இரவில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அழகான காட்சிதான். ஆனாலும் கலை என்ற அளவில் விறகுக் கொட்டகைக் காட்சிக்கு இது ஒரு படி கீழே என்பேன். அங்கே நடந்தது சொல்லப்படுகிறது. இங்கே நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது சொல்லப்படுகிறது. அந்த ஆசையின் தாபம்தான் அந்தப் பக்கத்துக்கு உயிர்.

வாழ்க்கையில் ஏரி கிடைக்கவில்லை. 1959-இல் இடாஹோ மாநிலத்துக் கெச்சம் என்ற மலையூரில் ஹெமிங்வே ஒரு வீடு வாங்கினார். அதன் நிலவறையில் துப்பாக்கிகள் இருந்தன. மனம் பேதலித்து, இருமுறை ஆஸ்பத்திரியில் மின்சார சிகிச்சை பெற்றுத் திரும்பிய கணவருக்கு எட்டாதபடி அந்த அறையைப் பூட்டிவைத்தார் மனைவி மேரி. சாவி மட்டும் சமையலறை ஜன்னல் விளிம்பில் மற்றச் சாவிகளோடு கிடந்தது. சாவியையும் ஒளித்துவிடலாமா என்று யோசித்ததாகவும், ஒரு மனிதனை அவனுடைய உடைமைகளிடமிருந்து தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று எண்ணி விட்டுவிட்டதாகவும் 1976-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் அவரே எழுதியிருக்கிறார். அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்பும் மரியாதையும் சேர்ந்து செய்த பிழை அது. 1961 ஜூலை 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், அந்தச் சாவி நிலவறைக் கதவைத் திறந்தது.

அவர் இப்படித்தான் போவார், கதைகளிலேயே எழுதி வைத்திருக்கிறதே என்று இன்றும் சொல்கிறார்கள். தகப்பன் வழி, ரத்தத்தில் ஓடியது, விதி என்கிறார்கள். இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இது அந்தக் கதைகளைத் தப்பாகப் படிப்பது. விதிதான் என்றால் ஜோர்டான் ஏரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. நிக் கொட்டகையைவிட்டு எழுந்து வந்திருக்கமாட்டான். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடுகிறது, அந்த நேரத்தில் ஆயுதம் எட்டாதிருந்தால் உயிர் பிழைக்கிறது என்று இன்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. விறகுக் கொட்டகையைப் பற்றி எழுதியவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

ஆகவே இனி யாராவது வேட்டைச் சாமானுக்கு நிலவறையில் அறை கட்டினால், சுவரையும் கதவையும் ஈரத்தையும் பற்றி யோசித்து முடித்த பிறகு, சாவி எங்கே இருக்கும் என்றும் ஒரு தடவை யோசிக்கட்டும். ஹெமிங்வேயைப் படிக்கிறவர்களும் அதையே யோசித்துப் படிக்கலாம்.