பஸ் போர்டில் இல்லாத ஊர்கள்

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஸ்ரீபுரத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டால் கண்டக்டர் விழிப்பார். (வேலூருக்குப் பக்கத்தில் பொற்கோயில் இருக்கிறதே, அந்த ஸ்ரீபுரம் வேறு.) கும்பப்பேட்டைக்கும் பஸ் கிடையாது. ஆனால் லண்டனிலோ சிகாகோவிலோ மானிடவியல் படிக்கிற ஒரு மாணவரைக் கேட்டால், இந்த ஊர்களில் எந்தத் தெருவில் யார் குடியிருந்தார்கள், யாருடைய நிலத்தை யார் குத்தகைக்குச் செய்தார்கள் என்றெல்லாம் சொல்லக்கூடும். ஸ்ரீபுரம் ஆந்த்ரே பெத்தேய் வைத்த பெயர். கும்பப்பேட்டை கேத்லீன் கஃப் வைத்த பெயர். ஊரார் யார் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஆய்வாளர்கள் சூட்டும் புனைபெயர்கள் இவை. அப்படி மறைத்து வைத்ததில், தங்களைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்பதே ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

மற்றத் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு நூலகத்தோடோ ஆய்வுக்கூடத்தோடோ முடிந்துவிடும். மானிடவியலில் ஓர் ஊரில் போய்க் குடியிருக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வகுப்புகள். அப்புறம் தகுதித் தேர்வு, ஆய்வுத் திட்டம், நிதி கேட்டு விண்ணப்பம். அதன்பின் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ களத்தில் வாழ்க்கை. திரும்பி வந்து எழுதி முடிக்க மேலும் சில ஆண்டுகள். ஏழெட்டு ஆண்டுகள் ஆவது சர்வ சாதாரணம். பிரிட்டனில் கொஞ்சம் குறையும். ஆனால் எங்கே படித்தாலும், களத்துக்குப் போய்வராதவரை அந்தத் துறையில் முழு ஆளாக மதிக்க மாட்டார்கள். அடுத்தவர் சடங்குகளை ஆராய்கிறவர்கள் தங்களுக்கென்றும் ஒரு சடங்கை வைத்துக்கொண்டார்கள்.

இது முதலிலிருந்தே இருந்த வழக்கமல்ல. அமெரிக்காவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட ஃபிரான்ஸ் போவாஸ் 1881இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியது இயற்பியலில். நீரின் நிறத்தைப் பற்றிய ஆய்வு அது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த ஆல்ஃபிரட் குரோபர் 1901இல் அங்கே மானிடவியலில் முதல் முனைவரானார். அவருடைய ஆய்வேடு 28 பக்கம். இன்று ஒரு மாணவர் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பமே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும்.

அதே ஆண்டில்தான் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். அடிப்படையில் மருத்துவர். தோடர்களை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உட்காரவைத்து, தாத்தா யார், தாத்தாவின் தம்பி யார், அவர் மனைவி எந்த மந்து (தோடர் குடியிருப்பு) என்று கேட்டுக் கேட்டு வம்சாவளி எழுதினார். ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு சமூகத்தின் உறவுமுறை முழுவதும் 1906இல் ஒரு தடித்த புத்தகமாக வந்தது. வம்சாவளி எழுதும் முறை இன்றும் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் அப்போது காலிபரை வைத்துக்கொண்டு ஆட்களின் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளை இன்றும் சாதிச் சங்கங்கள் தங்கள் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவதைப் பார்க்கிறோம். அளந்தவர் நோக்கம் வேறு, மேற்கோள் காட்டுகிறவர் நோக்கம் வேறு.

ஊரிலேயே கூடாரம் போட்டு, ஊரார் மொழியைக் கற்று, மாதக்கணக்கில் இருப்பதை விதியாக்கியவர் மாலினோவ்ஸ்கி. முதல் உலகப் போர் மூண்டபோது அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். பிறப்பால் போலந்துக்காரர், ஆனால் ஆஸ்திரியக் குடிமகன் என்பதால் சட்டப்படி எதிரி நாட்டவர். அந்தப் போர்க்காலத்தில் ட்ரோபிரியாண்ட் தீவுகளில் நீண்ட நாள் தங்கியது பிறகு ஒரு துறையின் இலக்கணமாயிற்று. லண்டன் பொருளியல் பள்ளியில் அவர் நடத்திய கருத்தரங்கில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஜோமோ கென்யாட்டா, பின்னாளில் கென்யாவின் முதல் குடியரசுத் தலைவர். சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஏ. ஐயப்பனும் அவரிடம் படித்தவர். மாலினோவ்ஸ்கி இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1967இல், அவருடைய களநாட்குறிப்பை மனைவி வெளியிட்டார். தீவு மக்கள்மீது எரிச்சல், இளக்காரம், காமம், வீட்டு நினைவு எல்லாம் அதில் கிடந்தன. துறையே ஆடிப்போயிற்று. எனக்கென்னவோ அந்த நாட்குறிப்பைக் கட்டாயப் பாடமாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. பல மாதம் அந்நிய ஊரில் தனியாகக் கிடக்கிற ஆளுக்கு என்ன ஆகும் என்பதை அதைவிட நேராகச் சொன்ன பாடநூல் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் முதலில் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி, எந்தத் தெருவில் வீடு பிடிப்பது என்பது. நம் ஊரில் வாடகை வீடு என்பது வெறும் வாடகை வீடல்ல என்று நமக்குத் தெரியும். அவர்கள் தெரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆயிற்று. தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி என்ற பின்னணியோடு டெல்லியிலிருந்து வந்த பெத்தேய், 1961இல் ஸ்ரீபுரத்து அக்ரகாரத்தில் ஒரு வீட்டில் தங்கினார். அக்ரகாரத்தில் குடியிருந்துகொண்டு சேரிக்குப் போய்வருவது எளிதாக இல்லை என்பதைப் பின்னால் அவரே எழுதினார். ஆனாலும் 1965இல் வந்த அந்தப் புத்தகத்தின் வாதம் அக்ரகாரத்துக்கு உவப்பானதாக இல்லை: ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்த சாதி மேன்மை, நிலம், அதிகாரம் மூன்றும் பிரிந்துபோய்க்கொண்டிருக்கின்றன, அதிகாரம் பிராமணர் அல்லாதவர் கைக்குப் போய்விட்டது என்றார்.

மைக்கேல் மொஃபாட் நேரெதிராகச் செங்கல்பட்டுப் பகுதியில் எண்டவூர் சேரியை மையமாக வைத்து வேலை செய்தார். அங்கிருந்து பார்த்தால் எதிர்ப்பும் மறுப்பும்தானே கண்ணில் படும் என்று நினைப்போம். அவர் 1979இல் எழுதியது, மேல்சாதியினர் தங்களை ஒதுக்கும் அதே முறையைத் தலித்துகள் தங்களுக்குள்ளும் திருப்பிச் செய்துகொள்கிறார்கள், ஆகவே சாதி அமைப்பில் அவர்களும் உடன்படுகிறார்கள் என்று. பெரிய சண்டை கிளம்பிற்று. ஜோன் மென்ஷர் போன்றவர்கள் ஏற்கெனவே அதற்கு நேர்மாறாக எழுதியிருந்தார்கள். திருச்சிப் பக்கம் அருளூர் என்று தான் பெயரிட்ட ஊரில் பள்ளர் பெண்களோடு பழகிய காரின் கபாடியா, 1995இல் வந்த தன் நூலில், பிராமணர்களின் தீட்டுக் கணக்கை உழைக்கும் பெண்கள் அப்படியே ஏற்றுக்கொண்டவர்கள் அல்ல என்று காட்டினார். சேரியில் இருந்துவிட்டாலே சேரியின் குரல் கேட்டுவிடும் என்பது இல்லை. யாரிடம், எந்த நேரத்தில், என்ன கேட்டோம் என்பதும் சேர்ந்துதான்.

பிரமலைக் கள்ளர்கள் விஷயம் இதைவிடச் சுவையானது. 1940களின் இறுதியில் மதுரைக்கு மேற்கே வந்து தங்கினார் லூயி துய்மோன். போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்த காலத்தில் சமஸ்கிருதம் படித்தவர் அவர். 1957இல் பிரெஞ்சில் வந்த அவருடைய நூலில் கள்ளர்களின் மண உறவுகள், பங்காளி மாமன் மச்சான் முறை, கோயில், சீர் எல்லாம் கடிகாரத்தைப் பிரித்து வைத்தது மாதிரி இருக்கும். போலீஸ்காரர்தான் அதில் அதிகம் தட்டுப்பட மாட்டார். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு பெர்க்லியிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்த ஆனந்த் பாண்டியன் அதே சமூகத்தைப் பார்த்தார். குற்றப்பரம்பரைச் சட்டம், ரேகைப் பதிவு, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், பெரியாறு அணைத் தண்ணீர், உழவு, 'ஒழுங்கா வாழணும்' என்ற அன்றாடப் பேச்சு என்று அவருடைய 2009ஆம் ஆண்டு நூல் வேறு வழியில் போகிறது. ஒரே மக்கள்தான், இரண்டு தலைமுறை ஆய்வாளர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட கேள்விகள் வேறு. ஒரு பல்கலைக்கழகம் என்ன சொல்லிக்கொடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் பாடத்திட்டத்தைவிட இந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

சிகாகோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்திலிருந்து ஏ. கே. ராமானுஜன் அங்கே இருந்தார். அவரைச் சுற்றி வளர்ந்தவர்கள் தமிழை வெறும் தகவல் சேகரிக்கும் கருவியாக வைத்துக்கொள்ளவில்லை. தமிழ்ச் சொல்லையே கேள்வியாக்கினார்கள். பல மாணவர்கள் மதுரையில் இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் நடத்தும் மொழி வகுப்பில் தமிழ் படித்துவிட்டுக் களத்துக்குப் போனார்கள். இலங்கையில் பிறந்த வாலண்டைன் டேனியல், 1984இல் வெளியான தன் நூலின் தொடக்கத்திலேயே 'ஊர்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறார். 'உங்களுக்கு எந்த ஊர்' என்று கேட்டால் நாம் ஒரே பதிலையா சொல்கிறோம்? மதுரையில் கேட்டால் ஒன்று, சென்னையில் கேட்டால் ஒன்று, துபாயில் கேட்டால் இன்னொன்று. கிராமத்துக்கு எல்லைக்கல் உண்டு; ஊரின் எல்லை கேட்பவரையும் சொல்பவரையும் பொறுத்து நகரும். ஊர் மண்ணில் விளைந்ததைத் தின்று, ஊர்த் தண்ணீரைக் குடித்து, மண்ணின் குணம் ஆளுக்குள் இறங்குகிறது என்று தமிழர் நம்புவதை அவர் விரித்துச் சொல்லும் பக்கங்களைப் படித்தபோது, நான் தினம் சொல்லும் சொல்லை முதல்முறை கேட்டது மாதிரி இருந்தது.

மார்கரெட் டிராவிக் எடுத்துக்கொண்ட சொல் 'அன்பு'. தனக்குத் திருவாசகம் சொல்லிக்கொடுத்த புலவரின் கூட்டுக்குடும்பத்திலேயே தங்கி, அங்கே அன்பு எப்படிப் புழங்குகிறது என்று பார்த்தார். அடக்கம், பழக்கம், கொடுமை, அழுக்கு, பணிவு, எளிமை, அடிமை, மயக்கம் என்று அன்பின் முகங்களாக அவர் எண்ணிக்கொண்டு போகிற சொற்கள் எல்லாம் நம் வீட்டுச் சொற்கள். பெற்ற தாய் தன் பிள்ளையை வெளிப்படையாகக் கொஞ்சாமல் அக்காள் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்வதை அவர் கவனித்து எழுதியிருக்கிறார். நம் எழுத்தாளர்கள் கதையில் காட்டியிருக்கிறார்கள். ஏன் அப்படி என்று உட்கார்ந்து கேட்டது அவர்.

பெர்னார்ட் பேட் மதுரையில் மேடைத்தமிழை ஆராய்ந்தார். சூசன் சைசர் ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு பயணம் செய்தார்; ஒத்திகை இல்லாமல், தனித்தனியாகப் பேசி வரவழைக்கப்பட்டு, மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திக்கும் அந்தக் கலைஞர்களைப் பற்றி அவ்வளவு விரிவாக வேறு யார் எழுதியிருக்கிறார்கள்? ஃபிரான்சிஸ் கோடி புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தைப் பின்தொடர்ந்தார். கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் கலெக்டருக்கு மனு எழுதும்போது எழுத்தறிவு என்னவாகிறது என்பது அவர் கேள்வி.

களக்குறிப்பு என்பது இவர்களுக்கு உயிர். மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் 1948இல் தங்கிய எம். என். ஸ்ரீனிவாஸ், 18 ஆண்டுகளாகச் செம்மைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகளோடு ஸ்டான்ஃபோர்டில் புத்தகம் எழுத உட்கார்ந்தார். 1970 ஏப்ரலில் யாரோ வைத்த தீயில் மூன்று படிகளும் எரிந்தன. நினைவிலிருந்தே எழுதினார். நினைவில் நின்ற கிராமம் என்ற பொருள்படும் பெயரில் 1976இல் அந்த நூல் வந்தது. அவருடைய புத்தகங்களில் மனிதர்கள் உயிரோடு நடமாடுவது அதில்தான் என்பது என் கட்சி.

யாழ்ப்பாணத் தமிழரின் சமூக அமைப்பைப் பற்றி மைக்கேல் பேங்க்ஸ் 1957இல் கேம்பிரிட்ஜில் கொடுத்த ஆய்வேடு நூலாகாமலே போயிற்று. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். கையில் எடுத்துப் படித்த யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? மறுபக்கம், இலங்கைத் தமிழரான எஸ். ஜே. தம்பையா கார்னெலில் முனைவராகி, தாய்லாந்துப் பௌத்தத்தை ஆராய்ந்து ஹார்வர்டில் பேராசிரியரானார். சொந்த நாட்டின் வன்முறைதான் அவரை மறுபடி இலங்கையைப் பற்றி எழுத வைத்தது. 1992இல் பௌத்தத்தையும் அரசியலையும் பற்றி அவர் எழுதிய நூல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது.

நம் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. கல்கத்தாவில் 1920 வாக்கிலேயே துறை வந்தது; அனந்தகிருஷ்ண ஐயர் அங்கே பாடம் நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945இல் வந்தது. எம்.ஏ. மாணவர் எலும்பு அடையாளம் காண வேண்டும், உடல் அளவை எடுக்க வேண்டும், தொல்கருவிகளை வரைய வேண்டும், அதோடு சில வாரம் ஒரு பழங்குடிக் கிராமத்தில் களப்பணி. காலிபர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஓர் ஊரில் ஓராண்டு உட்கார நிதியும் விடுப்பும் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதனால்தானோ என்னவோ, தமிழில் படிக்கக் கிடைக்கும் நல்ல மானிடவியல் பாதி தமிழ்த் துறைகளிலும் நாட்டார் வழக்காற்றியலிலும் பிறந்தது. நா. வானமாமலை நடத்திய 'ஆராய்ச்சி' இதழ் அதற்குப் பாதை போட்டது. தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' மதுரையில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு. ஒரு கோயிலுக்கும் அதைச் சுற்றியுள்ள சாதிகளுக்கும் உள்ள உறவை இத்தனை நெருக்கமாகச் சொன்ன நூல்கள் ஆங்கிலத்திலும் குறைவு. துறையைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க முடியும் என்பதற்குப் பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' சாட்சி.

வந்தவர்கள் எடுத்துக்கொண்டு மட்டும் போனார்கள் என்று சொல்வது நியாயமாகாது. கொங்கு நாட்டில் வலங்கை இடங்கைப் பிரிவை ஆராய வந்த பிரெண்டா பெக், 1965இல் அண்ணன்மார் சுவாமி கதையைப் பல இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். அது 1992இல் சென்னையில் தமிழும் ஆங்கிலமுமாக அச்சாயிற்று. ஆனந்த் பாண்டியன் தன் தாத்தாவின் வாழ்க்கையை அவரோடு சேர்ந்து எழுதினார். முதலில் தமிழில்தான் வந்தது, 'மிச்சம் மீதி' என்ற பெயரில், 2012இல். ஆங்கிலம் அதற்குப் பிறகு. ஆனால் இவை விதிவிலக்குகள். ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் மூன்று நான்கு பேர் படித்து ஒப்புக்கொண்டால் பட்டம். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் படித்தார்களா என்று எந்தப் பல்கலைக்கழகமும் கேட்பதாகத் தெரியவில்லை. ஒப்புதல் படிவத்தில் ஊராரிடம் கையெழுத்து வாங்கச் சொல்கிறவர்கள், முடித்த புத்தகத்தின் சுருக்கத்தையாவது அவர்கள் மொழியில் கொடுக்கச் சொல்லலாம்.

உங்கள் ஊருக்கும் ஒரு காலத்தில் நோட்டுப் புத்தகமும் டேப் ரிக்கார்டருமாக யாராவது வந்து ஓராண்டு தங்கியிருக்கக் கூடும். அவருக்குச் சோறு போட்டவர்கள், வழி காட்டியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர் பெயரை, வந்த ஆண்டை விசாரித்து எழுதி வையுங்கள். அவர் எழுதியதில் உங்கள் ஊருக்கு என்ன பெயர் என்று தேடிப் பிடித்து, தமிழில் கொண்டுவர ஓர் ஆளையும் பதிப்பாளரையும் பாருங்கள்.