விலையை நீங்களே சொல்லுங்கள்!

சங்கரன்கோவில் மலர்ச்சந்தைக்கு ஒருநாள் காலையில் சென்று பாருங்கள். மறுநாள் முகூர்த்தம் என்றால் மல்லிகையின் விலை எட்டாத உயரத்தில் நிற்கும். பொழுது சாய்ந்தபின் மீண்டும் செல்லுங்கள். விற்காமல் தங்கிவிட்ட கூடையை வியாபாரி வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார். மொட்டு விரிந்துவிட்டால் கேட்பாரில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பெருநகரத்து ஓட்டல்காரரின் சரக்கும் இந்த மல்லிகை மொட்டைப் போன்றதுதான். இன்றிரவு பூட்டிக் கிடந்த அறையை நாளைக்கு இரண்டு முறை வாடகைக்கு விட முடியாது. கட்டடம், காவலாள், விளக்கு ஆகியவற்றின் செலவு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றே. எனவே 2,000 ரூபாய் அறைக்கு 1,200 கிடைத்தாலும், காலியாகக் கிடப்பதற்கு அது மேல். ஆனால் 1,200-க்குக் கொடுத்த செய்தி, 2,000 கொடுக்கத் தயாராக இருப்பவர் காதில் விழக்கூடாது! இந்த இக்கட்டிலிருந்து பிறந்தவைதாம் ஏலத் தளங்களும் தள்ளுபடித் தளங்களும்.

நம் பக்கத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கோ மருத்துவமனைக்கோ சென்னை செல்பவர்கள், பொதிகை விரைவு ரயிலில் இடம் பதிவு செய்த கையோடு கைபேசியில் அறையையும் பதிவு செய்துவிடுகிறார்கள். "பாதி விலைக்கு முடித்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எதில் பாதி? இந்தக் கேள்வியைத்தான் இங்கே சற்று விரிவாகக் கேட்டுப் பார்க்கப்போகிறோம்.

முதலில் விற்பவரின் கணக்கு. பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் 1972-இல் ஓர் எளிய விதியைக் கூறினார். குறைந்த கட்டணத்துக்கு ஒருவர் இன்று இடம் கேட்கிறார். அதைக் கொடுக்காமல் வைத்திருந்தால், முழுக் கட்டணம் தருபவர் பின்னால் வருவாரா? அவர் வருவதற்கான நிகழ்தகவை முழுக் கட்டணத்தால் பெருக்குங்கள். இன்று கிடைக்கும் கட்டணம் அத்தொகையைவிட அதிகமானால் கொடுத்துவிடலாம், குறைவானால் காத்திருக்கலாம். 2,000 ரூபாய் அறைக்குக் கடைசி நேர ஆள் வரும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் பெருக்குத்தொகை 1,200. ஆகவே 1,300 தருபவருக்கு அறை உண்டு. 1,100 தருபவருக்கு இல்லை. இன்று ஓட்டல்களின் கணிப்பொறிகள் இரவு பகலாகப் போட்டுக்கொண்டிருப்பவை இந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகளே. ஆடித்தபசு அன்று நம்மூர் லாட்ஜில் இந்த வாய்ப்பு ஏறத்தாழ நூறு விழுக்காடு. அன்று தள்ளுபடி கேட்பவரை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

இனி வாங்குபவர் பக்கம் வருவோம். 1998-இல் அமெரிக்காவில் பிரைஸ்லைன் என்ற நிறுவனம் ஒரு புதுமையைத் தொடங்கியது. "விலையை நீங்களே சொல்லுங்கள்" என்பது அதன் முழக்கம். நகரத்தின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரத் தரம், எந்தத் தேதி, எவ்வளவு தருவீர்கள் என்பவற்றைச் சொல்லிக் கடனட்டை எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். ஓட்டலின் பெயர் மட்டும் தெரியாது. உங்கள் விலை ஏற்கப்பட்டால் அந்தக் கணமே பணம் போய்விடும், பெயர் அதற்குப் பிறகுதான் வெளிப்படும், பணம் திரும்பாது. ஏற்கப்படாவிட்டால், பகுதியையோ தரத்தையோ மாற்றித்தான் உடனே மறுபடி கேட்கலாம். இல்லையேல் காத்திருக்க வேண்டும்.

இதை ஏலம் என்று அழைத்தார்கள். நமக்கு ஏலம் புதிதன்று. கோயில் தோப்பின் தேங்காய்க் குத்தகையை ஒருதரம், இரண்டுதரம் என்று கூவி விடும்போது, வென்றவர் கொடுப்பது தமக்கு அடுத்து நின்றவரின் தொகைக்குச் சற்று மேலான தொகையே. அவர் மனத்தில் எவ்வளவு வரை போக நினைத்தார் என்பது அவரோடு போயிற்று. மூடிய உறையில் கொடுக்கும் ஒப்பந்தப்புள்ளியில் அப்படியில்லை. எழுதியதைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆகையால் எல்லோரும் உண்மை மதிப்பைவிடக் குறைத்தே எழுதுவார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் விக்ரி 1961-இல் ஒரு மாற்று சொன்னார்: உறையில் அதிகம் எழுதியவருக்கே பொருள், ஆனால் அவர் கொடுக்க வேண்டியது இரண்டாவது தொகையை மட்டுமே. அப்போது குறைத்து எழுதுவதால் பயன் இல்லை. உண்மையை எழுதுவதே லாபம். 1996-இல் இவருக்குப் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த மூன்றாம் நாள் காலமானார்.

பிரைஸ்லைனில் நடந்தது இவற்றில் எதுவுமே அன்று. அங்கே உங்களோடு போட்டியிடுபவர் எவருமில்லை. ஒரு மறைந்த எண்ணோடு நீங்கள் தனியாகப் போட்டியிடுகிறீர்கள். ஓட்டல் 1,200 போதும் என்று தளத்திடம் சொல்லியிருக்கிறது. நீங்கள் 1,700 என்று எழுதுகிறீர்கள். விக்ரியின் நியாயப்படி 1,200 கொடுத்தால் போதும். இங்கேயோ முழு 1,700 போகும். இடையிலுள்ள 500 தளத்துக்குச் சேரும். விலையை நீங்கள்தாம் சொன்னீர்கள், சந்தேகமில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள்.

அப்படியானால் எவ்வளவு கேட்பது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, ரூபாயிலேயே வைத்துக்கொள்வோம். அதே தரமுள்ள அறை வெளியில் 2,000-க்குக் கிடைக்கிறது. மறைந்த எண் 1,000-க்கும் 2,000-க்கும் இடையில் எங்கும் சம வாய்ப்போடு இருக்கலாம். 1,200 கேட்டால் வெல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று, வென்றால் மிச்சம் 800, பெருக்கினால் 160. 1,800 கேட்டால் வாய்ப்பு ஐந்தில் நான்கு; மிச்சம் 200; பெருக்கினால் அதுவும் 160. நடுவில் 1,500 கேட்டால் வாய்ப்பு பாதி, மிச்சம் 500, பெருக்குத்தொகை 250. கேட்கும் விலையை x என்று கொண்டு (2000−x)(x−1000) என்னும் கோவையின் உச்சத்தைப் பள்ளி மாணவர் எவரும் ஒரு நிமிடத்தில் கண்டுவிடுவார்.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1,000, 2,000 என்ற எல்லைகளை யார் உங்களுக்குச் சொன்னார்கள்? தளம் நாள்தோறும் எண்ணற்றோர் கேட்கும் விலைகளைப் பார்க்கிறது. நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிறீர்கள். நிகழ்தகவு இருவருக்கும் பொது. ஆனால் அதை அளக்கத் தேவையான விவரங்கள் ஒருவரிடம் மட்டுமே இருக்கின்றன.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வென்ற விலை 1,500, பணம் திரும்பாது. வெளியில் 2,000, ஆனால் வந்தால்தான் கொடுக்க வேண்டும். பயணம் நடப்பது உறுதி என்றால் உங்களுக்கு 500 மிச்சம். பத்தில் ஒரு பங்கு தடைப்படும் என்றால் வெளி அறையின் சராசரிச் செலவு 1,800 ஆகிறது. மிச்சம் 300-ஆகக் குறைந்துவிட்டது. நான்கில் ஒரு பங்கு தடைப்படும் என்றாலோ, சராசரிச் செலவு 1,500, மிச்சம் சுழி! மருத்துவர் கொடுத்த தேதி மாறலாம், தேர்வு தள்ளிப்போகலாம், நோயாளியால் அன்று எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். இத்தகைய பயணங்களில் நான்கில் ஒன்று தடைப்படுவது அதிசயமா? "பணம் திரும்பாது" என்ற சிறிய எழுத்து, கையில் பணம் குறைந்தவரையே அதிகம் தாக்குகிறது.

குறையே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது. எந்த ஓட்டலானாலும் சரி, எந்தத் தெருவானாலும் சரி என்றிருக்கும் பயணிக்கு இம்முறை உண்மையிலேயே மலிவாக அறை தந்தது. ஆயினும் பிரைஸ்லைன் விமானச் சீட்டுகளுக்கு இதை 2016-இல் நிறுத்திவிட்டது. ஓட்டல்களுக்கும் இது படிப்படியாக ஒதுங்கிவிட்டது. பெயரை மறைத்து விலையை மட்டும் காட்டும் முறைதான் அங்கே நிலைத்திருக்கிறது.

நம் நாட்டில் வேரூன்றியது வேறொரு வித்தை. 4,000 என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு, கீழே 1,600. அறுபது விழுக்காடு தள்ளுபடி! கோடு போட்ட அந்த 4,000-ஐ என்றைக்காவது யாராவது கொடுத்தார்களா? அறிவியலில் ஓர் அளவைச் சொன்னால் அது எதிலிருந்து அளக்கப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். மலையின் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து சொல்கிறோம். இங்கே கடல்மட்டத்தை விற்பவரே தம் வசதிப்படி நகர்த்திக்கொள்கிறார். ஆஸ்திரேலியாவில் டிரிவாகோ என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தின் மீது நடந்த வழக்கில் இது அம்பலமாயிற்று. கோடு போட்டுக் காட்டிய விலை பல இடங்களில் அதே ஓட்டலின் சொகுசு அறையுடையது. பக்கத்தில் காட்டிய மலிவு விலையோ சாதாரண அறையுடையது. மேலும், முதலிடத்தில் காட்டிய விலையைவிடக் குறைந்த விலை வேறிடத்தில் இருந்தும் அதை முன்வைக்காதவை பட்டியல்களில் 66.8 விழுக்காடு. 2022-இல் நீதிமன்றம் 4 கோடியே 47 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது.

"இன்னும் ஓர் அறையே உள்ளது" என்று சிவப்பு எழுத்தில் துடிப்பது, கடைசிப் பக்கத்தில் புதிய கட்டணம் முளைப்பது, கேளாமலே காப்புறுதி சேர்ந்துகொள்வது போன்ற பதின்மூன்று தந்திரங்களை நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வழிகாட்டு விதிகளில் பெயர் சொல்லித் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. தங்கள் தளத்தில் உள்ளதைவிடக் குறைந்த விலைக்கு ஓட்டல்கள் தம் சொந்தத் தளத்தில்கூட அறை தரக்கூடாது என்று மேக்மைட்ரிப் ஒப்பந்தம் போட்டிருந்தது அக்குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆணை மேல்முறையீட்டுக்குச் சென்றது. இப்படிப்பட்ட ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் நான்கு தளங்களில் விலை பார்ப்பது, ஒரே கடிகாரத்தை நான்கு கண்ணாடிகளில் பார்ப்பது போலத்தான்.

கடிகாரம் என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. ஒருமுறை தள்ளுபடி அறை ஒன்றைப் பதிவு செய்துவிட்டுப் பொதிகையில் சென்னை போய் இறங்கினேன். விடியற்காலை. மேசையில் இருந்தவர், "பன்னிரண்டு மணிக்குத்தான் சார் ரூம்" என்றார். பதினொரு மணிக்கு எனக்கு வேலை. பல் துலக்கவும் குளிக்கவும்தான் எனக்கு அறையே தேவைப்பட்டது! இப்போதே வேண்டுமானால் முந்தின இரவுக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்றார். அறை 1,000, இரண்டு இரவு 2,000, ஐந்து விழுக்காடு வரியோடு 2,100. அன்றிரவே ரயிலேறித் திரும்பிவிட்டேன். எழும்பூர் கென்னட் லேனில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடும் பழைய லாட்ஜில், தள்ளுபடியே இல்லாமல் 1,400 என்றாலும், வரியோடு 1,470-இல் முடிந்திருக்கும். இரவு வண்டியில் சென்று இரவு வண்டியில் திரும்பும் நமக்கு அறையின் விலை என்பது ஓர் இரவின் விலையன்று. நாம் அதில் இருக்கும் மணிகளின் விலை. எந்தத் தளமும் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

அடுத்த முறை தளத்தில் பெயரையும் தெருவையும் மட்டும் பார்த்துக்கொண்டு, வேறொரு லாட்ஜுக்கு நேரே தொலைபேசியில் பேசினேன். நான்கு கேள்விகள் கேட்டேன்: வரியோடு எவ்வளவு, எத்தனை மணிக்கு அறை கிடைக்கும், 24 மணி நேரக் கணக்கா, வராவிட்டால் பணம் என்னாகும்? எடுத்தவர் பொறுமையாகப் பதில் சொன்னார். தளத்தில் 1,350 என்று போட்டிருக்கிறதே என்றேன். சற்று நேரம் மௌனம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நேரா வாங்க சார், பார்த்துக்கலாம்" என்றார். 1,200 வாங்கினார். இப்போதும் ரயிலேறும் முன் அவரிடம்தான் பேசுகிறேன். சில நாட்களில், "இன்னைக்கு அவங்களே கம்மியா போட்டிருக்காங்க சார், அதுலயே புக் பண்ணிடுங்க" என்று அவரே சொல்லிவிடுகிறார்.