வெளிநாட்டுக் கலைப் பயணம்: கூடமும் பட்டறையும்

சமகாலக் கலையைப் பார்ப்பதற்கென்றே ஒரு குழுவாக வெளிநாடு சென்றுவருவதைக் கலைப் பயணம் என்கிறார்கள். ஓவியர்கள், கலைக் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், ஓவியம் வாங்கிச் சேர்ப்பவர்கள் எனப் பத்து இருபது பேர் சேர்ந்து நான்கைந்து நாட்கள் ஒரு நகரத்தில் தங்குவார்கள். அங்குள்ள காட்சிக்கூடங்களையும் கலைஞர்கள் வேலை செய்யும் இடங்களையும் பார்த்துத் திரும்புவார்கள். நெடுங்காலம் இது பணம் உள்ளவர்களின் விஷயமாகவே இருந்தது. இப்போது அப்படிச் சொல்லிவிட முடியாது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கப்பட்டபோது, மாநில அளவில் முதன்மை பெறும் மாணவர்களில் 20 பேர் வெளிநாடு அழைத்துச் செல்லப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது. 2024-இல் ‘கனவு ஆசிரியர்’ விருது பெற்ற ஆசிரியர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிரான்சு சென்று வந்தார்கள். வேப்பம்பட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ களிமண்ணில் உருவம் செய்யும் ஒரு பிள்ளைக்கும் இன்று கடவுச்சீட்டு தேவைப்படலாம்.

இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் பயணம் கிடைத்துவிட்டது என்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. எதைப் பார்க்கப் போகிறோம், யார் போகிறார்கள், திரும்பி எங்கே வருகிறார்கள் என்பவற்றையும் கேட்க வேண்டும்.

பணிக்கர் போய்வந்த பிறகு

வெளிநாட்டுக் கலைப் பயணம் ஒன்று தமிழகத்துக்கு என்ன தர முடியும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த சான்று கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னைக் கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராகப் பணியாற்றினார். 1954-இல் லண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியக் கண்காட்சிகள் நடந்தன. ஐரோப்பிய நவீன ஓவியத்தை அச்சுப் படங்களில் மட்டுமே கண்டிருந்த ஒருவர் அதை நேரில் கண்ட தருணம் அது.

இப்படிப் போய்வருபவர்கள் பெரும்பாலும் பார்த்ததைத் தங்கள் கையில் கொண்டுவந்து விடுவார்கள். அடுத்த பத்தாண்டு முழுக்க அவர்கள் வரைவது பாரிசின் எதிரொலியாக இருக்கும். பணிக்கரிடமும் சில ஆண்டுகள் அந்தத் தாக்கம் தெரிந்தது. ஆனால் 1963 வாக்கில் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், மலையாள எழுத்தை ஒத்த வரிகள், கணிதக் குறிகள் என்று அந்தச் சித்திரங்கள் நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஏட்டைப் போல் இருக்கின்றன. வெளியே போனதால்தான் அவருக்கு வீட்டுப் பரண் கண்ணில் பட்டது என்று நான் எண்ணுகிறேன். இதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின என்பதையும் கவனிக்க வேண்டும். போய்வந்த மறுவாரமே அறிக்கை கேட்கும் வழக்கத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

அதைவிடப் பெரிய விளைவு 1966-இல் வந்தது. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். கல்லூரியில் தேர்ச்சி பெற்ற மாணவர்கள் துணி ஆலைகளில் வடிவமைப்பாளர்களாகவும் விளம்பர நிறுவனங்களில் ஊழியர்களாகவும் போய்க்கொண்டிருந்தார்கள். பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மெழுகுச் சாயமிடும் பாட்டிக் துணிகளையும் பிற கைவினைப் பொருட்களையும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்வெளியில் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டல ஓவியர் கிராமம். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இதில் பங்கெடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மனை. அதில் வீடு, வீட்டோடு வேலையிடம். பகலில் துணிக்குச் சாயம், மீதி நேரத்தில் ஓவியம் என்று நடந்தது. அரசு மானியத்தை நம்பி எழுந்த இடமல்ல அது. இந்தியாவில் கலைஞர்கள் தாங்களே சம்பாதித்துத் தாங்களே கட்டி நிலைத்து நிற்கும் இடங்களில் இதற்கு இணை சொல்வது கடினம்.

சோழமண்டலத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வே. விஸ்வநாதன் 1968 முதல் பாரிசில் வாழ்கிறார். சென்னையில் பயின்ற அக்கித்தம் நாராயணன் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் 1967-இல் அங்கு போய்த் தங்கிவிட்டார். சென்னைக் கல்லூரிக்கும் பாரிசுக்கும் இடையில் இப்படி ஒரு பாதை அறுபது ஆண்டுகளாகவே இருக்கிறது. பாரிசுக்குப் போகும் நம் குழுக்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் சொல்லப்படுகின்றன?

எதைப் பார்ப்பது

‘ஸ்டுடியோ’ என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கும் கடையும் ஏவிஎம்மும்தான். கலைஞர் வேலை செய்யும் இடத்துக்குப் ‘பட்டறை’ என்ற சொல்லே பொருத்தம். கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை என்று நாம் சொல்லும்போது அதில் தூசியும் சத்தமும் பாதியில் கிடக்கும் வேலையும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்தச் சொல்லில் தனி உரிமையும் உண்டு. பட்டறைப்பெரும்புதூர் இங்கேதான் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கமும் இங்கேதான். ஆதி மனிதன் கல்லைக் கொத்திக் கோடாரி செய்த இடம்.

காட்சிக்கூடம் வேறு வகை. அங்கே வெள்ளைச் சுவர், குளிர்ந்த காற்று, முடிந்த வேலை. முடிந்த வேலையைப் பார்க்கும் பதினான்கு வயது மாணவருக்கு இரண்டே எண்ணங்கள்தான் தோன்றும்: ‘இது எனக்குப் புரியவில்லை’ அல்லது ‘இது என்னால் முடியாது’. பட்டறையில் அப்படி நடப்பதில்லை. அங்கே கிழித்துப் போட்ட தாள் தரையில் கிடக்கிறது. காய்ந்துபோன வண்ணக் குழாய் இருக்கிறது. ஒரே உருவத்தை எட்டு முறை மாற்றி வரைந்த தடம் சுவரில் இருக்கிறது. வேலை எப்படி வளர்கிறது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லித்தராது. இந்தத் தரை சொல்லித்தரும்.

பள்ளிச் சுற்றுலாக்களில் பல முறை பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப் போயிருக்கிறேன். ஊர் திரும்பியதும் கட்டுரை எழுதச் சொன்னால் கடற்கரைக் கோயிலுக்கு நான்கு வரி, அதுவும் பாடநூலில் உள்ள வரி. பேருந்தில் பாடிய பாட்டுக்கு ஒரு பக்கம். ஆனால் சாலையோரத்தில் ஒருவர் உளியால் நந்தியின் காதைச் செதுக்கிக்கொண்டிருந்த கொட்டகையில் நின்றதை எல்லாரும் எழுதியிருந்தார்கள். கல் தூள் மூக்கில் ஏறியதையும், காது உடைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பையன் கேட்டதற்கு அவர் சிரித்ததையும் எழுதியிருந்தார்கள்.

ஆகவே பயண நிரலைத் தயாரிப்பவர்கள் பட்டறைக்குப் பாதி நேரமாவது ஒதுக்க வேண்டும். அதற்கு இடங்கள் இருக்கின்றன. பாரிசில் ரிவோலி தெரு 59-ஆம் எண் கட்டடம் நல்ல எடுத்துக்காட்டு. பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்துக்குள் 1999-இல் கலைஞர்கள் சிலர் அனுமதியின்றிப் புகுந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். பிறகு பாரிசு மாநகராட்சியே அதை வாங்கிச் சீரமைத்து, 2009-இல் அவர்களுக்கே திறந்துவிட்டது. மாடிக்கு மாடி சுமார் முப்பது கலைஞர்கள் வேலை செய்கிறார்கள். யாரும் கட்டணமின்றி உள்ளே போய், அவர்கள் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சிங்கப்பூரில் குட்மன் கலை மையம் இருக்கிறது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். 2011 முதல் கலைஞர்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. வகுப்பறை எப்படிப் பட்டறை ஆகிறது என்பதை நம் தலைமையாசிரியர்கள் ஒருமுறை பார்த்தால் நல்லது.

அதே சிங்கப்பூரில் கில்மன் பாரக்ஸ் வேறொரு பாடம். பழைய இராணுவக் குடியிருப்பு 2012-இல் கலைக்கூடங்களின் வளாகமாகத் திறக்கப்பட்டது. அரசின் ஆதரவு, பன்னாட்டுக் கூடங்கள் எல்லாம் இருந்தும், மூன்று ஆண்டுகளிலேயே பல கூடங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வெளியேறின. பார்க்க வருபவர்கள் குறைவு, வாங்குபவர்கள் அதைவிடக் குறைவு. மாணவர்களுக்கு இதையும் காட்ட வேண்டும். அழகான இடம் கட்டினால் கலை தானாக வந்துவிடும் என்ற எண்ணம் நம் ஊர்த் திட்டங்களிலும் அடிக்கடி தலைகாட்டுகிறது.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு. ‘இந்த ஓவியத்தின் கருத்து என்ன?’ என்று கேட்டால் பயிற்சி பெற்ற பதில் ஒன்று வரும். இந்த இடத்துக்கு வாடகை எவ்வளவு, யார் கட்டுகிறார்கள், ஓவியம் விற்காத மாதத்தில் என்ன வேலை செய்கிறீர்கள், பாதியில் விட்டவை எங்கே என்று கேட்டால் அவருடைய வாழ்க்கையே வெளியே வரும். அந்த வாழ்க்கையை அறிந்த பிறகும் ஒரு பிள்ளை ஓவியராக விரும்பினால் அது உறுதியான விருப்பம்.

யார் போவது

கலைத் திருவிழாப் பயணம் வெற்றிக்கான பரிசு. பரிசு என்ற முறையில் அதில் குறையில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை விமானத்தில் ஏறுவது அந்தத் தெருவுக்கே பெருமை. ஆனால் கல்வி என்ற முறையில் பார்த்தால், இருபது பேர் கண்டது பிறரிடம் வந்துசேர வழி வேண்டும். அந்த வழி ஓவிய ஆசிரியர்தான். 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். ஊதியம் பின்னர் உயர்ந்தது, ஆனால் பணி நிரந்தரம் கோரிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. மணல் சிற்பத்திலும் களிமண் வேலையிலும் ஒரு மாணவி மாநில மேடை ஏறினால், பின்னால் பெரும்பாலும் இப்படி ஓர் ஆசிரியர் இருப்பார். விமானத்தில் அவருக்கும் ஓர் இருக்கை ஒதுக்க வேண்டும். மாணவி இரண்டு ஆண்டில் பள்ளியை விட்டுப் போய்விடுவார். ஆசிரியர் இருபது ஆண்டுகள் அங்கேயே இருப்பார்.

இன்னொன்று. உள்ளூர்ப் பட்டறையைப் பார்க்காதவர் வெளியூர்ப் பட்டறையைப் பார்த்து ஒப்பிட முடியாது. வேப்பம்பட்டில் மின்ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சியான அரசு கவின்கலைக் கல்லூரிக்கு நடந்தே போகலாம். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் வட்டார மையத்தில் அச்சு ஓவியம், சுடுமண், சிற்பம் ஆகியவற்றுக்குப் பொதுப் பட்டறைகள் உண்டு. அங்கிருந்து பேருந்தில் ஈஞ்சம்பாக்கம் போனால் சோழமண்டலத்தின் அருங்காட்சியகத்தில் பணிக்கர் காலத்து ஓவியங்களைப் பார்க்கலாம். ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிட முயலாமல், மூன்று சனிக்கிழமைகள் போவது நல்லது. மொத்தச் செலவு ஒரு விமானச் சீட்டின் வரியைவிடக் குறைவு.

கொச்சியும் இருக்கிறது. 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலேக்கு நெடுங்காலம் முதன்மை இடமாக இருந்த ஆஸ்பின்வால் மாளிகை ஒரு வணிக நிறுவனத்தின் பழைய வளாகம். மிளகும் தேயிலையும் கையாண்ட கிட்டங்கியில் உலகக் கலைஞர்களின் வேலை நின்றது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூரிலும் இயந்திரம் எடுத்துச் செல்லப்பட்டு வெறுமையாக நிற்கும் கொட்டகைகளைக் கடந்து தினமும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, பெரிய நகரங்களின் வெள்ளைச் சுவரைவிட இந்தக் கிட்டங்கி நெருக்கமாகப் பேசும்.

அடுத்த குழுக்களுக்கு ஒரு தகவல். பாரிசின் பொம்பிடு மையம் சீரமைப்புக்காக 2025-இல் மூடப்பட்டது. 2030 வரை பணி நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். சிற்பி பிரான்குசியின் பட்டறையை அப்படியே பெயர்த்து அமைத்துக் காட்டிவந்ததும் அந்த வளாகத்தில்தான் என்பதால் அதையும் இப்போது அங்கே பார்க்க முடியாது. அந்த அரைநாளை ரிவோலி தெருவுக்கே கொடுத்துவிடலாம். திங்கட்கிழமை அங்கு விடுமுறை.